முப்பது சதவீதம்

ஜூன் 2, திங்கள்

லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுவதும் அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்குத் திரை தேவையில்லை. அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் இயர்போனில் ஒரு குரல் சொல்லிவிடும். அக்கா எட்டிப் பார்த்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

நிலவரத்தை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். வயது இருபத்தாறு. எலக்ட்ரிகல் படித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். போன வருஷம் நாலே மாதத்தில் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது. பார்வை நரம்பில் கோளாறு. கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது. கம்பெனி அனுப்பிவிட்டது. இப்போது இதே ஊரில் அக்கா கோகிலவாணி வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாடி.

மச்சானுக்கு விஜயவாடாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜூலை 31 வீடு காலி. அதற்குள் இந்த ஊரில் வேலை கிடைக்காவிட்டால் வெள்ளகோவிலில் அப்பாவின் எண்ணெய்க் கடைக்குப் போகவேண்டும். வேலைக்கு இல்லை. உட்கார.

பார்வை இல்லாதவர்களுக்கு வேலை தேடித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு டிரஸ்டில் விஜயநிர்மலா மேடம். தனியாக நடத்தும் மெர்சி ஸ்டெல்லா. ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பழைய கம்பெனியில் மோட்டார் சப்ளை செய்கிறவனை எப்படித் தேர்ந்தெடுத்தோமோ அதேபோல் செய்யப்போகிறேன். கேள்விகள் தயார். பத்துக்கு மதிப்பெண்.

ஜூன் 5, வியாழன்

டிரஸ்ட். மச்சான் பைக்கில் கூட்டிப்போனார். மேடம் என்னை உட்காரவைத்துவிட்டு, "தம்பி காபி குடிப்பாரா?" என்று மச்சானிடம் கேட்டார். குடிப்பேன் என்று நான் சொன்னேன். சர்க்கரை போடலாமா என்று மறுபடி மச்சானிடம் கேட்டார்.

இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறாராம். அதில் ஒரு வருஷம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். சிரித்தார். தம்பி ரொம்ப ஷார்ப் என்றார், அதுவும் மச்சானிடம்தான். கம்பெனிகளிடம் தானே பேசிக்கொள்வாராம், நான் போய் நின்றால் போதுமாம். சுவரில் நிறைய போட்டோ மாட்டியிருப்பதாகத் திரும்பி வரும்போது மச்சான் சொன்னார். எல்லாரும் சால்வையோடு இருக்கிறார்களாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழைக் காட்டினேன். மேடம் வாங்கிப் பார்த்தார். முப்பது சதவீதம்தானா, நாற்பது இருந்தால்தானே எந்தச் சலுகையும் கிடைக்கும் என்றார். முகாமில் கொடுத்தது, அவர்கள் போட்ட கணக்கு, எனக்குத் தெரியாது என்றேன். பரவாயில்லை, சான்றிதழ் கேட்காத இடமாகப் பார்க்கிறேன் என்றார்.

காபி நன்றாக இருந்தது. 5/10.

ஜூன் 6, வெள்ளி

மழை. மொட்டைமாடித் துணி நனைந்துவிட்டது. எடுத்து வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம், நீ உட்காரு என்றாள்.

ஜூன் 11, புதன்

மெர்சி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவருக்கும் பார்வை கிடையாது, பிறவியிலேயே. நான் பேர் சொல்லி முடித்ததுமே, "யுகேந்திரன், உங்க பக்கத்துல யாரு மூச்சு விடுறது?" என்றார்.

அக்கா. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

என் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். மூன்று வருஷத்தில் பத்தொன்பது பேர். இப்போதும் வேலையில் இருப்பவர்கள் பதினோரு பேர். விட்டுப்போன எட்டில் நாலு, இவர் ஆளைத் தப்பாக எடைபோட்டு அனுப்பியதால் என்று அவரே சொன்னார். கம்பெனியிடம் யார் பேசுவது என்று கேட்டேன். "நீங்கதான் பேசுவீங்க. நான் பக்கத்துல இருப்பேன்" என்றார். அது எதற்கு, அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள் என்றேன். வேலைக்குப் போகப்போவது நானா நீங்களா என்றார்.

நேரில் வரச்சொன்னார். தனியாக. வெள்ளைக்கோல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருக்கிறதுதான். பீரோவில், வாங்கிய கவரோடு.

8/10. ஆனால் மரியாதை தெரியாத பெண்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டே காலுக்குக் கிளம்புவாள். மச்சான் ஒன்பதுக்கு. கடைசியாகப் போகிறவர் வெளிக் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு போவார். ஏப்ரலில் இருந்து இது நடக்கிறது. நான் படியில் தவறி நாலு படி உருண்ட மறுநாள் தொடங்கியது. அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பூட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மதியம் கூரியர்க்காரன் வந்தான். கையெழுத்துப் போடுங்க சார் என்று கம்பிக்கு நடுவில் பேனாவை நீட்டினான். உள்ளே ஆளை வைத்து வெளியே பூட்டு தொங்குகிறதே என்று அவன் கேட்கவில்லை. நானே முந்திக்கொண்டு, சாவி எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

விஜயநிர்மலா மேடம் ஏற்பாட்டில் ஒரு ஹோட்டல். வரவேற்பில் போன் எடுக்கும் வேலை. நிரல் எழுதியவன் போன் எடுப்பதா என்று மச்சானிடம் கேட்டேன். மாப்ள, இப்போதைக்கு ஒண்ணு கையில இருக்கட்டும் என்றார்.

எனக்கு ஒரு முகம் ஓரளவாவது தெரியவேண்டுமென்றால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. தோளுக்கு மேலே, பக்கச் சுவரைப் பார்க்கவேண்டும். அப்போதுதான் ஓரக்கண்ணில் விழும். அப்படியே பார்த்தேன். மேனேஜர், யாரைத் தம்பி தேடறீங்க என்றார். "லேசா கண்ல பிரச்சனை" என்று மட்டும்தான் மேடம் அவரிடம் சொல்லியிருந்திருக்கிறார். லேசா என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். கண்ணாடி மாற்றவேண்டும் என்றேன்.

பதிவேட்டை நகர்த்தி, ஒரு பேரைச் சொல்லி, இதில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். மேனேஜர் பதிவேட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு பேருக்கு மேலேயே எழுதியிருக்கிறேன். யாரோ இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

வெளியே வந்ததும் மேடம், இந்த இடம் உங்களுக்குச் சரிவராது, அடுத்ததைப் பார்ப்போம் என்றார். உண்மையைச் சொல்லியிருக்கவேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். மச்சான் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மேடம்: 3/10. கண்ணாடி மாற்றவேண்டும் என்று சொன்னவனுக்கு மதிப்பெண் போட எனக்கு இன்று மனமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மெர்சியின் அலுவலகம் கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால், ஒரு லேஸ் கடைக்கு மேலே. மச்சான் கீழே இறக்கிவிட்டார். நான் படியேறி, தனியாகத்தான் வந்தேன் என்றேன்.

"கீழே ஒருத்தர் வண்டியை ஆஃப் பண்ணாம நிக்கிறாரே. பெட்ரோல் வீணாகுது, மேல வரச் சொல்லுங்க" என்றார்.

சொல்லவில்லை. போன் போட்டு மச்சானைப் போகச் சொன்னேன்.

என்ன வேலை தெரியும் என்று கேட்டார். கட்டுப்பாட்டு நிரலைப் பெரும்பாலும் படமாகத்தான் வரைவார்கள், அதை என் லேப்டாப் குரலால் படிக்க முடியாது, ஆனால் அதே நிரலை வரிவரியாக எழுத்திலும் எழுதலாம், அப்படி எழுதினால் எனக்கு முழுவதும் கேட்கும் என்றேன். இந்த ஆறு மாதத்தில் அதைத்தான் பழகினேன். ஒரு பம்ப் செட்டுக்கு எழுதியதை ஓடவிட்டுக் காட்டினேன். எனக்கு ஒரு வரியும் புரியலை, ஆனா நீங்க தடுமாறலை, அது கேட்குது என்றார். கணபதி பகுதியில் பம்புகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறதாம். முதலாளி அருணகிரி, மாற்றுத்திறனாளி ஒருவரை எடுக்கத் தயாராக இருக்கிறாராம்.

எனக்கு உள்ளே ஏதோ திறந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் சான்றிதழைக் கேட்டார். எத்தனை சதவீதம்?

முப்பது.

"நான் கையை ஆட்டுறேன். தெரியுதா?"

ஏதோ அசைகிறது என்றேன்.

"எத்தனை விரல்?"

தெரியவில்லை.

"அப்புறம் முப்பது எப்படி வந்துச்சு? அது ஒரு கண்ணு நல்லாயிருக்கவங்களுக்குக் குடுக்கறதாச்சே."

முகாம்காரர்கள் தப்பு என்றேன். தப்பென்றால் அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றார். அவசரத்தில் கவனிக்கவில்லை என்றேன். அவர் ஏதோ ஒரு டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: அந்த இடத்தில் கேட்பது நாற்பது. மறுபடி பரிசோதனைக்குப் போய்ச் சரியான சான்றிதழ் வாங்குங்கள். எப்படித் தப்பானது என்று தெரியாமல் நான் யாரிடமும் உங்களுக்காக வாய் திறக்கமாட்டேன்.

என்னை விசாரிக்க இவர் யார்? நான்தானே தேர்ந்தெடுக்க வந்தேன்?

ஜூலை 2, புதன்

கேட் பூட்டியிருக்கிறது. நாள் முழுவதும் ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 4, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்தக் கறுப்புத் திரையில் எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

போன வருஷம் அக்டோபர். கம்பெனியில், உங்களால் தொடர முடியுமா என்று மருத்துவச் சான்று கொண்டு வாருங்கள் என்றார்கள். குறைவாக வந்தால் வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். சான்றிதழ் முகாமுக்கு அக்கா கூட வந்தாள். நீண்ட வரிசை. எனக்கு முன்னால் இருபது பேருக்கு மேல். சுவரில் ஒரே அட்டை. ஒவ்வொருவராகப் போய் மேலிருந்து கீழே எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார்கள். ஏழாவது ஆள் படித்து முடிக்கும்போது எனக்கு முழு அட்டையும் மனப்பாடம்.

என் முறை வந்தது. இடது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். இரண்டையும் சரியாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டேன். வலது கண்ணுக்குக் கடைசிக்கு முந்தின வரி வரை தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். நடுவில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரன். சோதித்த அம்மா களைத்துப்போயிருந்தார். எழுதிக்கொண்டு, அடுத்தது என்றார்.

கம்பெனி அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி, மறுவாரம் வேலையிலிருந்து நிறுத்தியது. கணக்கு அங்கேதான் பிசகியது.

ஜூலை 9, புதன்

காலையில் அக்கா கிளம்பும்போது சாவி கேட்டேன். எதற்கு என்றாள். மறுபரிசோதனைக்குப் போகவேண்டும், அதற்கு முன்னால் கோலோடு இறங்கிப் பழகவேண்டும் என்றேன். சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றாள். பூட்டி வைக்க நான் என்ன மாடா என்று கேட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து முதல் பீரியட் வரமாட்டேன் என்றாள்.

முகாமில் என்ன செய்தேன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்டா" என்றாள். "வரிசைல நிக்கறப்ப உன் வாய் முணுமுணுன்னுட்டே இருந்துச்சு. பரீட்சைக்கு முன்னாடி நிப்பியே, அப்படி. ஆஸ்பத்திரி ஃபைலு என் பைலதான் இருந்துச்சு. ஒரு மீட்டர்ல விரல்கூட எண்ண முடியலைன்னு அதுல எழுதியிருந்துச்சு. நான் எடுத்து நீட்டலை."

ஏன் என்று கேட்டேன்.

"நீ படிக்கப் படிக்க, ஒருவேளை நெசமாவே தெரியுதோன்னு இருந்துச்சு."

அவள் எழுந்து முகம் கழுவினாள். போகும்போது சாவியை என் கையில் வைத்தாள். கேட்டை இழுத்துச் சாத்தினாள். பூட்டவில்லை.

நான் அன்று முழுவதும் வெளியே போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பொய். பயம்.

ஜூலை 11, வெள்ளி

கீழே வரைக்கும். அறுபத்தொரு படி. கவரைப் பிரித்த கோல் பிளாஸ்டிக் வாசம் அடிக்கிறது. முதல் மாடிக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அச்சச்சோ என்றார். கோலை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மறுபரிசோதனை. அக்கா வந்தாள். இந்தத் தடவை ஃபைலை முதலிலேயே மேஜையில் வைத்தாள்.

அதே மாதிரி அட்டை. என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். முதல் வரியிலிருந்து எல்லா எழுத்தும் வாய்க்குள் வந்து நின்றது. தெரியலைங்க என்றேன். அடுத்த வரி? தெரியலைங்க. ஒவ்வொரு வரிக்கும் சொன்னேன். அக்கா பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய வளையல்கூட அசையவில்லை.

டாக்டர் பழைய சான்றிதழையும் ஃபைலையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். போன ஆகஸ்டில் பார்வை இல்லை, அக்டோபரில் இருந்தது, இப்போது மறுபடி இல்லை, இரண்டே மாதத்தில் கண் வந்து மறுபடி போய்விட்டதா என்று கேட்டார். சான்றிதழுக்காகத் தெரியாததுபோல் நடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்றார்.

அன்றைக்குத்தான் சார் நடித்தேன் என்றேன். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, மேலிருந்து கீழே வரை ஒப்பித்தேன். ஒரு எழுத்து தப்பவில்லை. அறையில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இப்போதும் அவரால் என் பேச்சை வைத்து எதுவும் எழுத முடியாதாம். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதில் நான் பதில் சொல்லத் தேவையில்லை, நரம்பே சொல்லிவிடும். தேதி ஆகஸ்ட் 21.

வீடு காலி ஜூலை 31.

ஜூலை 16, புதன்

அப்பா போன் செய்தார். கடையில் மின்விசிறிக்குக் கீழே இடம் ஒழித்து வைத்திருக்கிறாராம். புது நாற்காலி வாங்கிவிட்டாராம், கை வைத்தது. குஷன் நீலமா பச்சையா என்று கேட்டார். நீங்களே பாருங்கப்பா என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

விஜயநிர்மலா மேடம் பேசினார். இன்னொரு இடம் இருக்கிறதாம், முப்பதே போதுமாம், என்ன வேலை என்பதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. ஒன்பது நாள்தான் இருக்கிறது. அங்கே என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். லேசா பிரச்சனை என்றுதான் தம்பி, வேறென்ன என்றார். வேண்டாம் மேடம் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. நல்லாயிருங்க தம்பி என்றார். நல்ல மனுஷிதான். என் கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆட்டோவில் மெர்சியிடம் போனேன். யாரும் இறக்கிவிடவில்லை. லேஸ் கடைப் பெண், படி இடப்பக்கம்ணா என்றாள். கோலைப் பார்த்திருப்பாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஃபைல், அக்கா, டாக்டருக்கு முன்னால் முதுகைக் காட்டி ஒப்பித்தது. மெர்சி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் மேஜையைத் தட்டினார். "ஏய்யா, அத்தனை எழுத்தையும் பத்து மாசமா மறக்கலையா?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளாயிற்று.

பிறகு போனை என் பக்கம் தள்ளினார். அருணகிரி. நீங்களே பேசுங்கள். அக்டோபரில் நடந்ததையும் சேர்த்து என்றார்.

சொன்னேன். சரியான சான்றிதழ் இன்னும் வரவில்லை, அது என் தப்பு, இப்படி நடந்தது என்றேன். அவருக்குப் பின்னால் ஏதோ கிரைண்டர் ஓடியது.

"பேனல்ல கை வச்சு கரண்ட் அடிச்சா என்ன பண்ணுவீங்க தம்பி?"

"உங்களுக்கு அடிச்சா என்ன பண்ணுவீங்களோ, அதேதானுங்க. ஆனா என் வேலை நிரல் எழுதறது. பேனல்ல கை வைக்கறவன் நானில்லை."

மெர்சி மூச்சை இழுத்தார். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அருணகிரி, பதில் மட்டும் நல்லா ஷாக் அடிக்குது என்றார். ஆகஸ்ட் 4 வரச்சொன்னார். ஒரு மாதம் பார்ப்பாராம். அதற்குள் சரியான பேப்பர் வரவேண்டும். என் வேலையும் அவருக்குப் பிடிக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்பிவிடுவாராம்.

போனை வைத்ததும், எங்கே தங்குவீர்கள் என்று மெர்சி கேட்டார். அவர் மூலம் வேலைக்குப் போன ஒருவருடைய அறையில், கணபதியிலேயே, ஒரு கட்டில் காலியாம்.

மதிப்பெண் போடவில்லை.

ஜூலை 28, திங்கள்

அக்காவிடமும் மச்சானிடமும் சொன்னேன். மச்சான், ஒரு மாச வேலையை நம்பித் தனியா விட்டுட்டுப் போகச் சொல்றியா மாப்ள என்றார். சான்றிதழ் வந்த பிறகு வெள்ளகோவிலில் இருந்தே வரலாமே என்றார். அவர் சொல்வதில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை. அக்கா பாத்திரத்தை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் பையை அவளே அடுக்கினாள். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

கணபதி. அறை. இதை எழுதும்போது மணி மாலை ஐந்தரை.

காலையில் இரண்டு வண்டி வந்தது. சாமானுக்கு ஒரு லாரி. எனக்காக அப்பா அனுப்பிய வேன். என் பை எங்கே என்று கேட்டேன். வேனில் ஏற்றியாயிற்று என்றார் மச்சான். நான் போகமாட்டேன் என்றேன். அப்பா போனில் இருந்தார், அவரிடம் சொல்லு என்று போனை நீட்டினார். வாங்கவில்லை. கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே நல்ல கூட்டம். வீடு காலி செய்தால் எல்லாரும் இறங்கி வந்து நிற்பார்களே, அந்தக் கூட்டம். முதல் மாடிக்காரம்மா, செக்யூரிட்டி, லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள். வேனின் பக்கவாட்டைத் தடவி டிரைவரைக் கண்டுபிடித்தேன். என் பையை எடுத்துக் கொடுங்கள் என்றேன். உள்ளே நாலு பை கிடக்கிறது, எந்தக் கலர் என்றார். தெரியாது என்றேன். உங்க பை கலர் உங்களுக்கே தெரியாதா என்றார் அவர். சிடுசிடுப்பு இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குத் தெரிந்தது. அந்த மாதிரித் திரும்புவதை நான் காதாலேயே பார்க்கிறேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது. "ஒவ்வொண்ணா வெளியே வைங்க. நான் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

அவர் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். முதல் பையைத் தடவினேன், என்னுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதற்குக் குனிந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய புடவையின் கஞ்சி வாசம் தெரிந்தது. அவள் கை நீட்டவில்லை. இதுதான்டா என்றும் சொல்லவில்லை. நான் ஜிப்பைத் தொட்டு, லேப்டாப்பின் முனை தட்டுப்படும் வரை காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "ஆட்டோக்காரரு கேட்டுக்கு வெளியே நிக்கறாரு. நான்தான் வரச் சொன்னேன்" என்றாள்.